60 மைல் சாலையில் 58 போன வேனுக்கு ஏன் போலீஸ் கடிதம்?

கேள்வி: லண்டன் ஹாரோவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சரக்கெடுக்க ஒரு பழைய வாக்ஸால் விவாரோ வேன் வாங்கினேன். ஊருக்கு வெளியே, வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை இருக்கும் சாலையில் மணிக்கு 58 மைலில் போனதாகக் கடிதம் வந்திருக்கிறது. அங்கே 60 தானே? எதிர்த்து வாதாடலாமா?

பதில்: வாதாடினால் தோற்பீர்கள். அந்தச் சாலையில் 60 என்பது காருக்கு. உங்கள் வேனுக்கு 50தான்.

அந்தக் கறுப்புக் கோட்டுப் பலகையில் எண்ணே இல்லை, கவனித்தீர்களா? 'உன் வண்டிக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை இனிப் பொருந்தும்' என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. இங்கிலாந்தில் 7.5 டன் வரையிலான சரக்கு வேனுக்கு அந்த எல்லை ஒற்றைச் சாலையில் (நடுவே தடுப்பு இல்லாத சாலை) 50, டுவல் கேரேஜ்வேயில் 60, மோட்டர்வேயில் 70. வண்டி காலியாகப் போனாலும் இதேதான். தெருவிளக்கு வரிசையாக இருக்கும் ஊர்ப்பகுதியில், வேறு பலகை இல்லையென்றால், எல்லாருக்கும் 30. வேல்ஸில் அது 2023 செப்டம்பர் 17 முதல் 20.

லேன்களை எண்ணி டுவல் கேரேஜ்வே என்று முடிவு செய்யாதீர்கள். போகிற பக்கத்தையும் வருகிற பக்கத்தையும் நடுவே புல்திட்டோ தடுப்போ பிரிக்க வேண்டும். பெயின்ட் கோடு மட்டும் இருந்தால், நான்கு லேன் ஓடினாலும் உங்களுக்கு 50தான்.

'என் நண்பன் வேனுக்குக் கார் வேகம்தானே' என்று அடுத்துக் கேட்பீர்கள். இருக்கலாம். கார் மாடலிலிருந்து உருவாக்கிய, சரக்கோடு சேர்த்து 2 டன்னைத் தாண்டாத வேனுக்குக் காரின் எல்லையே. பழைய கோர்சாவேன், ஃபியஸ்டா வேன் அந்த ரகம். பெர்லிங்கோ, கேடி போன்றவை பார்க்கக் கார் மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் இதில் சேராது. எடையை விற்றவர் வாய்ச்சொல்லில் நம்பாமல் வண்டியிலேயே பாருங்கள். கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ ஒரு தகடு இருக்கும். அதில் கிலோவில் நான்கு எடைகள் வரிசையாக இருக்கும். முதலாவதுதான் சரக்கோடு சேர்ந்த உச்ச எடை. விவாரோவில் அது 2,000ஐ எளிதாகத் தாண்டும். வேடிக்கை என்னவென்றால், இதே விவாரோவை முறைப்படி கேம்பர் வேனாக (உள்ளேயே படுத்துத் தூங்கும் வண்டி) மாற்றிவிட்டால் ஒற்றைச் சாலையில் 60 போகலாம். அரிசி மூட்டைக்கு 50, கட்டிலுக்கு 60!

சரி, கடிதத்துக்கு வருவோம். ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் எழுதி அனுப்புங்கள். அனுப்பாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம். லைசன்ஸில் 6 தண்டனைப் புள்ளி விழும், இந்த வேகத்துக்கு விழுவதைவிட அதிகம். வேறொருவர் பெயரைப் போடும் யோசனையே வேண்டாம். அப்படி மனைவி தலையில் புள்ளியை ஏற்றிய முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹ்யூனும், ஏற்றுக்கொண்ட மனைவியும் 2013ல் சிறைக்குப் போனார்கள்.

50 எல்லையில் 58 என்பது வழக்கமாகப் பயிற்சி வகுப்புக்கு அழைக்கும் வேகம். மூன்று வருடத்துக்குள் அந்த வகுப்புக்குப் போகாதவர் என்றால் வாய்ப்பு வரலாம். கட்டணம் உண்டு, புள்ளி கிடையாது. வராவிட்டால் 100 பவுண்டும் 3 புள்ளியும்.

அப்புறம், போனில் வரைபடம் காட்டும் எல்லை பொதுவாகக் காருக்கானது. அதைப் பார்த்து ஓட்டாதீர்கள். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாத பையன் யாராவது கடையில் வேன் ஓட்டுகிறானா? அவனுக்கு 6 புள்ளி சேர்ந்தாலே லைசன்ஸ் ரத்து. திரும்ப முதலிலிருந்து டெஸ்ட். சாவி கொடுக்கும்போதே 50, 60, 70 என்று சொல்லிக் கொடுங்கள்.