ஓடும்போது மட்டும் சூடேறும் செவன்: காற்று எங்கே போகிறது?

கேள்வி: லோட்டஸ் செவன் பாணியில் இரண்டு இருக்கை கார் ஒன்றை வீட்டிலேயே கட்டியிருக்கிறேன். 1.8 லிட்டர் ஃபோர்டு ஸெடெக் எஞ்சின். நின்ற இடத்தில் ஃபேன் ஓடினால் 92 டிகிரியில் நிற்கிறது. 90 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் 110 வரை ஏறுகிறது. பெரிய ரேடியேட்டர் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வேகம் கூடக்கூடச் சூடேறினால், முதலில் காற்றோட்டத்தையும் நீரோட்டத்தையும் பாருங்கள்.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். வண்டி நிற்கும்போது, ஃபேன் சுற்றுகையில் ரேடியேட்டரின் முன்முகத்தில் ஒரு தாளை வையுங்கள். அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் ஃபேனின் வயர் மாறியிருக்கிறது. நிற்கையில் சூட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது. எந்தத் திசையில் வீசினாலும் ஓரளவு குளிரும். ஓடும்போதோ எதிர்காற்றோடு மல்லுக்கட்டும்.

அடுத்து, ரேடியேட்டரின் மேல், கீழ் ஹோஸ் முனைகளில் வெப்பத்தை அளந்து பாருங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளக்கும் அலுமினியத்தில் தவறாகக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளவெடுங்கள். வித்தியாசம் மூன்று நான்கு டிகிரிதான் என்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, காற்றுதான் போதவில்லை. 25 டிகிரிக்கு மேல் என்றால் தண்ணீர் ஓட்டம் குறைவு.

செவனில் பெரும்பாலும் காற்றுதான் சிக்கல். காரின் மூக்கில் உள்ள வாய் வழியே வரும் காற்று ரேடியேட்டரின் நெருக்கமான துடுப்புகளுக்குள் நுழைவதைவிட, ஓரத்து இடைவெளியில் நழுவிப் போகவே பார்க்கும். வாயின் விளிம்பிலிருந்து ரேடியேட்டரின் நான்கு ஓரங்கள் வரை 1 மி.மீ. அலுமினியத் தகட்டால் மூடி, சேரும் இடங்களில் ரப்பர் ஃபோம் ஒட்டுங்கள். விரல் நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது.

உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். பானட்டைக் கழற்றிவிட்டு, மூக்கை மட்டும் வைத்து, ஆளில்லாத சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். சூடு இறங்கினால் வெளியேறும் வழிதான் போதவில்லை. பானட்டின் பக்கங்களிலோ மேலே முன்பாதியிலோ லூவர் (காற்று வெளியேறச் சாய்வான பிளவுகள்) வெட்டுங்கள். பானட்டின் பின்விளிம்பைத் தூக்கி வைப்பது பலரும் செய்யும் தவறு. முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம், அங்கிருந்து காற்று உள்ளேதான் வரும்.

தண்ணீர் பக்கம் குறை என்றால், எஞ்சினை 4000 சுற்றுக்கு ஏற்றிக் கீழ் ஹோஸைக் கவனியுங்கள். பம்பின் உறிஞ்சலில் அது ஒட்டிப்போனால் உள்ளே ஸ்பிரிங் உள்ள ஹோஸ் போட வேண்டும். ஸெடெக்கின் தனிச்சிக்கல் இன்னொன்று. செவனில் நெடுக்காக வைத்ததும் தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் திறக்கும் வால்வு) இருக்கும் கூடு எஞ்சின் அறையின் பின்சுவரோடு இடிக்கும். அதை எடுத்துவிட்டு மேல் ஹோஸுக்கு நடுவே தெர்மோஸ்டாட் வைத்திருந்தால், பைபாஸ் (ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் மாற்றுக் குழாய்) இல்லாமல் சுடுதண்ணீர் அதைத் தாமதமாகவே எட்டும். தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலிருந்து பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்கு ஹீட்டர் ஹோஸ் அளவில் ஒரு பைபாஸ் கொடுங்கள். தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடாதீர்கள்.

ஹெடர் டேங்க் (கூலண்ட் ஊற்றும் தொட்டி) தான் எல்லாவற்றிலும் உயரமாக இருக்க வேண்டும். ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் எஞ்சினின் சிலிண்டர் ஹெட் உச்சியிலிருந்தும் அதற்கு 6 மி.மீ. குழாய் போனால் காற்றுக்குமிழி தங்காது. டேங்க்கின் மூடி 1 பார் அழுத்த அளவில் இருக்கட்டும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் 110 டிகிரியில் கொதிக்காது. ஆனாலும் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் மேட்டில் 105 தாண்டினால் ரேடியேட்டரை மாற்றுங்கள். தடிமனானதைவிட, முகப்பு அகலமானதைத் தேடுங்கள்.