பழைய வழக்கு: சரிபார்ப்புப் படிவத்தில் மறைக்கலாமா?

கேள்வி: என் மகன் மத்திய அரசு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். கல்லூரிக் காலத்தில் மறியல் வழக்கு ஒன்றில் சிக்கி, பிறகு விடுதலையாகிவிட்டான். படிவத்தில் ‘வழக்கு இல்லை’ என்று எழுதச் சொல்லி, ஸ்டேஷனில் தானே பேசிக்கொள்வதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூட வேண்டாம், அம்மா. அந்தப் படிவம் தண்டனையை மட்டும் விசாரிப்பதில்லை. எப்போதாவது கைதானீர்களா, வழக்குப் பதிவானதா என்றும் கேட்கும். விடுதலையானவரும் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். வழக்கு எண், நீதிமன்றம், தீர்ப்புத் தேதி எல்லாம் எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் இணைக்கட்டும்.

அவதார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கென்றால், மறைத்ததையே நிர்வாகம் மன்னிக்க இடமுண்டு. ஆனால் மன்னிப்பது அவர்கள் விருப்பம். அதை நம்பிப் பொய் எழுதாதீர்கள்.

இந்தத் தரகர்களின் வித்தை எளிது. பத்துப் பேரிடம் வாங்குவார்கள். எட்டுப் பேருக்கு எப்படியும் சரிபார்ப்பு முடிந்துவிடும். அது ‘என்னால்தான்’. மற்ற இரண்டு பேரிடம் ‘மேலிடம் ஒத்துவரவில்லை’. காவல் நிலையப் பதிவுகள் கணினியில் ஏறிவிட்ட காலத்தில் இவர் யார் வாயை அடைப்பார்? பொய்ப் படிவத்தில் கையெழுத்து உங்கள் மகனுடையது, அவருடையதல்ல.

தீர்ப்பின் கடைசிப் பத்தியை அவசியம் படியுங்கள். ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ என்றிருந்தால், மகன் பின்னாளில் தமிழ்நாடு காவல்துறைக்கு விண்ணப்பிக்கும்போது சிக்கல் வரும். அங்குள்ள விதிப்படி அப்படி விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் (தன் புகாருக்கு மாறாகச் சாட்சி சொன்னதால்) விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார்கள். விடுதலைதானே, எந்த வார்த்தையில் இருந்தால் என்ன என்று பலர் தீர்ப்பைப் புரட்டுவதே இல்லை. மகனுக்குக் காக்கிச்சட்டை ஆசை இருந்தால் இப்போதே வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

உண்மையை எழுதியும் நிராகரிக்கலாம். அந்த அதிகாரம் துறைக்கு உண்டு. காரணம் சொல்லாமல் இழுத்தடிப்பதுதான் எரிச்சல். ‘அறிக்கை பாதகம்’ என்று ஒரு வரி. எந்த அறிக்கை, யாருடைய பெயர் என்று கேட்டால் ‘ரகசியம்’. தேசப் பாதுகாப்பு என்று சொன்னாலே போதாது என மீடியா ஒன் என்ற மலையாளச் செய்தி சேனலின் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் குமாஸ்தா மேசைவரை அது இறங்கவில்லை. உளவுத்துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பயனில்லை. வேலை தரும் துறையிடம் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு.

நிராகரிப்பு உத்தரவு எழுத்தில் வந்தால், மத்திய அரசுப் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஓராண்டு கெடு. தரகர் பின்னால் அலைந்தே அதைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.