போர்ட் திறந்தாயிற்று, ஆனால் வெளியிலிருந்து சர்வர் வரவில்லை

கருங்கல் ஊரிலிருந்து வாசகர் ஒருவரின் கேள்வி: "பழைய டெஸ்க்டாப்பில் ஜெல்லிஃபின் என்ற வீடியோ சர்வர் மென்பொருளைப் போட்டு, வீட்டு விசேஷ வீடியோக்களை எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறேன். வீட்டு வைஃபையில் போனில் நன்றாக ஓடுகிறது. பெங்களூரில் இருக்கும் மகளும் பார்க்கட்டும் என்று ஜெல்லிஃபினின் வாசலான 8096 போர்ட்டுக்கு வருவதை டெஸ்க்டாப்புக்கு அனுப்பும்படி ரவுட்டரில் ஃபார்வர்ட் செய்தேன். அவளுக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் நின்றுவிடுகிறது. ரவுட்டரை மூன்று தடவை ரீசெட் செய்து பார்த்தாயிற்று. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் டபிள்யூஏஎன் ஐபி, அதாவது வெளிப்பக்க முகவரி, 100.81 என்று தொடங்குகிறது. எங்கே தப்பு, சார்?"

உங்கள் பக்கம் தப்பே இல்லை. மூன்று ரீசெட்டும் வீண். பதில் நீங்களே எழுதியிருக்கும் கடைசி எண்ணில் இருக்கிறது.

100.64-இல் தொடங்கி 100.127 வரையுள்ள முகவரிகள் இணையத்தில் எங்கிருந்தும் எட்டக்கூடியவை அல்ல. இணைப்புத் தரும் நிறுவனங்கள் தங்கள் உள்வலைக்குள் புழங்கிக்கொள்வதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர்.

லைன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குடித்தனம், தெருவுக்கு ஒரே கேட், ஒரே கதவிலக்கம். நீங்கள் சொல்லி அனுப்பிய சாமான் வந்தால், யார் கேட்டது என்று கேட்டில் இருப்பவருக்குத் தெரியும். உங்கள் வாசலுக்கு அனுப்பிவிடுவார். முன்னறிவிப்பில்லாமல் வரும் விருந்தாளியை எந்த வீட்டுக்கு அனுப்புவார்? யூடியூப் ஓடுவதும் மகளுக்கு உங்கள் சர்வர் திறக்காததும் இதனால்தான். நீங்கள் திறந்து வைத்தது உங்கள் வீட்டு வாசலை. கேட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

தக்கலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நானும் இதே கூத்தை அடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, ஃபயர்வால் என்ற தடுப்பை அணைத்து, ஃபார்வர்ட் விதியை அழித்து எழுதி, மதியச் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் பார்க்கச் சொல்வது அந்தப் பக்கத்தைத்தான். அங்கே உள்ள எண்ணும், வீட்டு வைஃபையிலிருந்து "என் ஐபி என்ன" என்று தேடினால் வரும் ஐபிவி4 எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் நடுவில் இன்னொரு கேட் இருக்கிறது. ஸ்டேட்டஸ் பக்கத்தில் 192.168 என்று வந்தால் அந்தக் கேட் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும்: ஃபைபர்காரர் வைத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கி மாட்டிய ரவுட்டர் ஒன்று. ஃபைபர் பெட்டியை, ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொன்னால் தீர்ந்தது.

உங்களுக்கு அப்படி இல்லை. ஒன்று, நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்கலாம். மாதக் கட்டணம் கூடும், சில இடங்களில் வீட்டு இணைப்புக்குத் தரவே மாட்டார்கள். முகவரிப் பஞ்சமில்லாத புதிய முறையான ஐபிவி6 இருந்தால் கேட் தொல்லையே இல்லை. ஆனால் மகளின் இணைப்பிலும் அது இருக்க வேண்டும், உங்கள் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலும் வழிவிட வேண்டும்.

நான் சொல்வது டெயில்ஸ்கேல், வேறு வேறு இடத்தில் உள்ள கருவிகளை ஒரே தனி வலையில் இணைக்கும் செயலி. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். உங்கள் டெஸ்க்டாப்பிலும் மகள் போனிலும் நிறுவி, இரண்டையும் ஒரே வலையில் சேர்த்துவிட்டால் போதும். இரண்டுமே உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்வதால் கேட்காரரின் தயவு வேண்டாம். அதுவும் உங்கள் டெஸ்க்டாப்புக்கு 100 என்று தொடங்கும் எண்ணையே கொடுக்கும். பதறாதீர்கள், அது வேறு கணக்கு. மகள் அந்த எண்ணோடு 8096-ஐச் சேர்த்துத் திறந்தால் போதும். நேரடியாகச் சந்திக்க முடியாதபோது நடுவில் ஒரு ரிலே, அதாவது வாங்கிக் கடத்திவிடும் சர்வர், வழியாகப் போகும், அப்போது வீடியோ திக்கும். அந்த நேரத்தில் ஜெல்லிஃபினில் தரத்தைக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொது ஐபிதான் வேண்டும் என்றால், வாங்கிய பிறகும் இரண்டு இடத்தில் கால் இடறும். நம் பக்கம் இடவப்பாதியிலும் ஐப்பசியிலும் மழை. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் உங்கள் டெஸ்க்டாப்புக்கு வேறு உள்முகவரி கொடுத்துவிடலாம். விதி 192.168.1.7-ஐக் காட்டிக்கொண்டு நிற்கும், டெஸ்க்டாப் 192.168.1.12-இல் இருக்கும். ரவுட்டரில் உள்முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பக்கத்தில் அந்த முகவரியை டெஸ்க்டாப்புக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அடுத்தது, சோதனை. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு பொது முகவரியைத் தட்டினால் பல ரவுட்டர்கள் திருப்பி உள்ளே விடாது. எல்லாம் சரியாக இருந்தாலும் திறக்காது. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். சுற்றிக்கொண்டே நின்றால் வழியில் எங்கோ விழுங்கப்படுகிறது. சட்டென்று மறுத்துவிட்டால் ஏதோ ஒரு பெட்டி வரை போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை என்று பொருள்.

டிஎம்இசட் என்ற பொத்தானை யாராவது சொன்னால் தொடாதீர்கள். மொத்தக் கணினியையும் தெருவில் வைப்பதற்குச் சமம். டெயில்ஸ்கேல் ஓடத் தொடங்கியதும் நீங்கள் எழுதிய அந்த 8096 விதியையும் அழித்துவிடுங்கள். அந்தப் போர்ட்டில் ஜெல்லிஃபின் பாஸ்வேர்டைக்கூடப் பூட்டில்லாமல்தான் அனுப்புகிறது. நாளைக்கு நிறுவனம் உங்களுக்குப் பொது முகவரி கொடுத்துவிட்டால், அந்த வாசல் உங்களுக்குத் தெரியாமலேயே தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும்.