அப்பாவின் பத்மினி: ஸ்பேனருக்கு முன்னால் ஆர்.சி.யை எடுங்கள்

கேள்வி: அப்பா 1986இல் வாங்கிய பிரீமியர் பத்மினி, ஆர்.சி. (பதிவுச் சான்று) காலம் முடிந்த 2016இலிருந்து வீட்டு ஷெட்டில் நிற்கிறது. அப்பா மூன்று வருடம் முன்பு தவறிவிட்டார். லீவு நாட்களில் நானே வேலை பார்த்து ஓட வைக்க ஆசை. மாருதி இன்ஜின் மாற்றிவிட்டால் தொல்லை இல்லை என்கிறார் மெக்கானிக். 45,000 ரூபாய் கொடுத்தால் ‘வின்டேஜ்’ நம்பரே வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். எதிலிருந்து தொடங்குவது? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முதலில் அந்த புரோக்கருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வின்டேஜ் பதிவுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. முதன்முதலில் பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் அது. வண்டி தயாரான ஆண்டு கணக்கில்லை, முதல் பதிவுத் தேதிதான் கணக்கு. உங்கள் பத்மினிக்கு அந்த வயது 2036இல்தான் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பரில் ‘வி.ஏ.’ என்று வரும். சரி, அப்படியே கிடைத்தாலும் கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் கொண்டு போகலாமே தவிர, தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: சேசிஸ் (அடிச்சட்டகம்), பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதாவது, இன்று மாருதி இன்ஜினைப் போட்டால் 2036இல் கிடைக்கக்கூடியதையும் இன்றே தொலைக்கிறீர்கள். ஒரே வாரத்தில் ஒருவர் இன்ஜினை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் வின்டேஜ் நம்பர் என்கிறார். இரண்டு பேரும் விதியைப் படித்ததில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்குத் தேவை ஆர்.சி.யைச் சாதாரணமாகப் புதுப்பிப்பதுதான். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது, அதற்காகப் பயப்பட வேண்டாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் எழுதித் தரும் சம்மதக் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். பிறகு படிவம் 25இல் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏறிவிட்டது. பசுமை வரி, தாமதக் கட்டணம் தனி. புரோக்கர் சொல்லும் தொகையில் அரசுக்குப் போவது எவ்வளவு என்று அரசின் பரிவாஹன் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். ஆனாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்டரில் மூன்று செட் ஜெராக்ஸ் கேட்பார்கள், நான்காவதாக ஒன்றை மறுநாள் கேட்பார்கள். வாசலில் புரோக்கர்கள் பிழைப்பதே இதனால்தான். அலுத்துப்போய் அவர்களிடம் போய்விடாதீர்கள்.

பழைய இரும்புக்காரர் வந்து “15 வருடம் தாண்டினால் கவர்ன்மென்ட் பிடுங்கிக்கும்” என்று மிரட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். அது டெல்லிக் கதை, தஞ்சாவூருக்கு ஒட்டாது.

இன்ஜின் விஷயத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. கம்பெனி செய்து கொடுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் வேறொன்று என்றால் விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸ்காரர் முதலில் பானட்டைத்தான் திறப்பார். பத்மினியின் 1089 சிசி இன்ஜின் எளிமையானது. நல்ல லேத்காரர் ஒருவர் கிடைத்தால் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து (போரிங்), பிஸ்டன், ரிங் மாற்றி ஓட்டலாம். அப்படிச் செய்தால் இன்ஜின் நம்பரும் மாறாது.

டிங்கரிங் ஆரம்பிக்கும் முன் சேசிஸ் நம்பரை நன்றாகத் துடைத்து, மேலே வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து இரண்டு பிரின்ட் எடுத்து வையுங்கள். போட்டோவும் எடுங்கள். துரு எடுக்கிறேன் என்று கிரைண்டரை ஓட்டி நம்பரையே மழித்துவிட்ட ஒரு வண்டி என்னிடம் வந்தது. அதன் சொந்தக்காரர் அது திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிக்க எட்டு மாதம் அலைந்தார்.

பத்மினிக்குத் தனியாக அடிச்சட்டகம் கிடையாது, பாடியேதான் சட்டகம். அதனால் தரைத் தகட்டில் துரு ஓட்டை விழுந்திருந்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, பலமே போகிறது. ஓட்டையைப் பட்டியால் அடைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்கு அடியில் நெடுக ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. புதிதாகத் தகடு வெட்டி வெல்டிங் செய்யாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வண்டிக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. ஜாக்கி ஸ்டாண்டு வாங்குங்கள். ஹாலோ பிளாக்கை அண்டை கொடுத்தால் நொறுங்கிவிடும். ஷெட் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட விடாதீர்கள்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுதாக வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் (சவ்வு) இரண்டையும் மாற்றாமல் சாவியைத் திருப்பாதீர்கள்.

பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிடுங்கள். டாப் கியரில் போட்டு, கிளட்சை மிதிக்காமல், இரண்டு பேராக வண்டியை மெல்லத் தள்ளுங்கள். இன்ஜின் ஃபேன் சுற்றினால் இன்ஜின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சுற்றாவிட்டால் ஸ்டார்ட்டரைப் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், இன்னும் ஒரு வாரம் ஊறட்டும்.