வேர்டு ஃபைலைப் பூட்டுவது எப்படி? – கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பத்திரம், படிவம், நோட்டீஸ் என்று வேர்டு ஃபைல்களோடுதான் என் பொழுது போகிறது. ஃபைலில் மற்றவர்கள் கை வைக்காமல் பூட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, கிரயப் பத்திர மாதிரியில் பெயரும் சர்வே எண்ணும் மாற்றும்போது செக்குபந்தி வரியில் கை பட்டு எழுத்து அழிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? (பத்திர எழுத்தரின் உதவியாளர், அம்பாசமுத்திரம்)

'வாய்க்காலுக்குத் தெற்கு, தென்னந்தோப்புக்கு வடக்கு' என்ற வரியில் ஒரு சொல் போனாலும் நிலத்தின் எல்லையே மாறிவிடும். கவனமாக இருங்கள் என்று சொல்லிப் பயனில்லை, பூட்டத்தான் வேண்டும். மாறாத வரிகளை முதலில் சரிபார்த்துவிடுங்கள். ரெவ்யூ பகுதியில் 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' இருக்கும். அதில் 'நோ சேஞ்சஸ்' என்பதை எடுத்துக்கொண்டு, பெயர், தந்தை பெயர், சர்வே எண், விஸ்தீரணம், தொகை ஆகிய இடங்களை மட்டும் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி தேர்ந்தெடுத்து, 'எவ்ரிஒன்' என்பதில் டிக் போடுங்கள். பிறகு பூட்டினால் அந்த இடங்கள் மட்டும் மஞ்சளாகத் தெரியும், அங்கே மட்டும்தான் தட்டச்சு செய்ய முடியும். இது ஒரு மாதிரி ஃபைலுக்குச் செய்தால் போதும், மேக்ரோ (வேர்டு தானாகவே செய்ய வேண்டியதை எழுதி வைக்கும் சிறு நிரல்) தேவையில்லை.

எங்கள் பள்ளியில் வினாத்தாள், படிவம் என்று 120 ஃபைல். ஒவ்வொன்றாகத் திறந்து பூட்ட நேரமில்லை. (ஆசிரியை, வண்ணாரப்பேட்டை)

உங்களுக்குத்தான் மேக்ரோ தேவை. ஆல்ட் விசையோடு எஃப்11 அழுத்தினால் எழுதும் இடம் வரும். மேக்ரோ செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் திறக்க வேண்டும், 'புரொடெக்ட்' என்ற கட்டளையால் பூட்ட வேண்டும், வேறொரு ஃபோல்டரில் சேமித்து மூட வேண்டும். பூட்டின் வகையை எண்ணாலும் சொல்லலாம்: திருத்தத் தடம் ('ட்ராக்டு சேஞ்சஸ்') 0, கருத்து மட்டும் 1, படிவம் நிரப்புவது 2, படிக்க மட்டும் 3. ஏற்கெனவே பூட்டிய ஃபைலை மறுபடி பூட்டப்போனால் பிழை காட்டி நின்றுவிடும். அதனால் பூட்டும் முன் 'புரொடெக்‌ஷன்டைப்' மைனஸ் 1தானா என்று பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 1 என்றால் பூட்டு இல்லை என்று பொருள்.

இதில் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும். ஒரு இடத்துக்காக, நிரப்பி முடித்த படிவங்களை வகை 2-இல் மொத்தமாகப் பூட்டினேன். 'நோரீசெட்' என்பதை 'ட்ரூ' என்று கொடுக்க மறந்துவிட்டேன். அதைக் கொடுக்காவிட்டால், பழைய வகைப் படிவக் கட்டங்களில் நிரப்பியிருந்ததெல்லாம் பூட்டும்போதே பழைய நிலைக்குப் போய்விடும். அசல் ஃபைல் மேலேயே சேமிக்கவும் செய்திருந்தேன். ஒருத்தர் இரண்டு நாள் உட்கார்ந்து நிரப்பியது அத்தனையும் காலி. அவர் திட்டவில்லை, பேசாமல் மறுபடி முதல் படிவத்தை எடுத்தார். அதைப் பார்த்ததிலிருந்து அசல் இருக்கும் ஃபோல்டரில் நான் மேக்ரோவைத் தொடவிடுவதே இல்லை.

அப்புறம், பாஸ்வேர்டை மேக்ரோவுக்குள் எழுதி வைக்காதீர்கள். ஓடும்போது கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கடைகளுக்கு அப்பள விலைப்பட்டியல் அனுப்புகிறேன். பூட்டி அனுப்பினால் யாரும் விலையை மாற்ற முடியாதுதானே? (கல்லிடைக்குறிச்சி)

முடியும் அக்கா. தெரியாமல் கை படுவதைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு. மாற்றியே தீருவேன் என்று உட்காருகிறவரை இது தடுக்காது. டாக்எக்ஸ், அதாவது இப்போதைய வேர்டு ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் இருக்கும் செட்டிங்ஸ் ஃபைலில் பூட்டு என்பது ஒரே ஒரு வரி, அதை நீக்கினால் பூட்டு போச்சு. அவ்வளவுகூட வேண்டாம், மொத்தத்தையும் காப்பி செய்து புது ஃபைலில் ஒட்டினாலே வேலை முடிந்தது. நீங்கள் பிடிஎஃப் அனுப்புங்கள், அதே நாளில் அனுப்பியதன் நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பையும் மாற்றுகிறவர்கள் உண்டு. விலையில் பேச்சு வந்தால் உங்கள் நகல்தான் பேசும்.

யாரும் திறந்தே பார்க்கக் கூடாது என்றால் 'என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்டு' இருக்கிறது. அது நிஜமான பூட்டு. ஆனால் அந்தப் பாஸ்வேர்டு மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது.

சங்கத்தின் தீர்மான வரைவை ஆறு பேர் திருத்துகிறோம். யார் எதை மாற்றினார்கள் என்று தெரிவதில்லை. (பத்தமடை)

வகை 0, அதாவது 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்'கில் 'ட்ராக்டு சேஞ்சஸ்' போடுங்கள். எல்லாரும் திருத்தலாம், ஆனால் ஒவ்வொரு திருத்தமும் பெயரோடு பதிவாகும், அதை யாரும் அணைக்க முடியாது. பாஸ்வேர்டு செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும். அவரவர் வேர்டில் சொந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் ஆறு பேரும் திருத்தினால் ஆறும் ஒரே பெயரில்தான் விழும்.

இந்தப் பூட்டைப் பைதான் நிரல்மொழியில் போட முடியுமா? (கல்லூரி மாணவர், வள்ளியூர்)

முடியும் தம்பி. வேர்டு ஃபைல்களைக் கையாளும் பைதான்-டாக்எக்ஸ் நிரல்தொகுப்பில் இதற்கென்று தயார் கட்டளை கிடையாது. நான் மேலே சொன்ன அந்த ஒரு வரியை செட்டிங்ஸுக்குள் நீங்களே சேர்க்க வேண்டும். அதில் 'என்ஃபோர்ஸ்மென்ட்' 1 என்று இருக்கட்டும். இல்லாவிட்டால் வகை மட்டும் பதிவாகும், பூட்டு விழாது.

இணையத்தில் எடுத்த மேக்ரோ ஃபைலைத் திறந்தால் சிவப்புப் பட்டை வந்து தடுக்கிறது. (நாங்குநேரி)

2022 முதல் வேர்டு அப்படித்தான் தடுக்கிறது. ஃபைலின் பிராப்பர்டீஸில் 'அன்பிளாக்' என்று இருக்கும். ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று புரியாத மேக்ரோவுக்கு அதைச் செய்யாதீர்கள். மேலே சொன்னதை நீங்களே எழுதினால் இருபது வரி தாண்டாது.