ஆண் வாரிசு இல்லாத குடும்பத் தொழிலை விற்றுவிடுவதுதான் நல்லதா?

இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டில் இப்போது இந்தப் பேச்சு ஓடுகிறது என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரில் இரண்டு வருடம் படித்தேன். தினமும் நடக்கும் வழியில், தலைமுறைகளாக வைன் தொழில் செய்யும் அந்தினோரி குடும்பத்தின் மாளிகை இருந்தது. அவர்கள் அதை வாங்கியது 1506இல். சுவரில் ஒரு பாட்டில் நுழையும் அளவுக்குச் சின்னதாக ஒரு கல் சன்னல் உண்டு. தோட்டத்து வைனை ஒரு காலத்தில் அது வழியாகவே தெருவில் நிற்பவர்களுக்கு விற்றிருக்கிறார்கள். ஜொவான்னி தி பியெரோ அந்தினோரி அந்த ஊர் வைன்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தது 1385இல். இன்று நடத்துவது 26ஆம் தலைமுறை.

குடியைப் புகழ்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் குடிப்பதில்லை. பேசுவது தொழிலைப் பற்றி.

இத்தனை வருடமும் சுகமாக ஓடியது என்று நினைக்காதீர்கள். 1966இல் பியெரோ அந்தினோரி பொறுப்பேற்றபோது அந்த வட்டாரத்து கியாந்தி என்ற சிவப்பு வைனுக்கு மதிப்பு குறைந்திருந்தது. அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் வெள்ளைத் திராட்சையும் கலந்தே ஆக வேண்டும் என்பது அன்றைய விதி. அவரும் வைன் நிபுணர் ஜாக்கமோ தாக்கிசும் 1971 அறுவடையில் அந்தப் பெயரையே விட்டுவிட்டார்கள். தின்யானெல்லோ என்று தோட்டத்தின் பெயரை வைத்து, சாதாரண 'மேசை வைன்' என்ற முத்திரையோடு விற்றார்கள். 1975க்குள் வெள்ளைத் திராட்சை அதில் முழுதாக நின்றது. இன்று இத்தாலியின் விலை உயர்ந்த வைன்களில் அது ஒன்று.

அப்புறம் 1980களில் பங்கு பிரச்சினை. கணிசமான பங்கு விட்பிரெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்குப் போய்விட்டது. 1991இல் பியெரோ அதைத் திரும்ப வாங்கினார். அவருக்கு மகன் இல்லை. அல்பியெரா, அலெக்ரா, அலெஸ்ஸியா என்று மூன்று மகள்கள்.

பார்ஜினோவில் மலைச்சரிவுக்குள் புதைத்துக் கட்டிய அவர்களுடைய புது வைன் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனபோது இதை வழிகாட்டிப் பெண் சொன்னார். அதுவரை தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கையில் இருந்த நிறுவனம். 2016இல் மூத்த மகள் தலைவரானார். கேட்டுக்கொண்டே நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட வந்த தோழிக்குக் காரணம் புரியவில்லை.

நாங்களும் மூன்று பெண்கள். அப்பாவுக்கு விருதுநகர் பக்கம் கடலை எண்ணெய்ச் செக்கு இருந்தது, தாத்தா போட்டது. "பொண்ணுங்க கட்டிக்கிட்டுப் போயிடும், யாருக்குச் சேர்க்கிறே?" என்று பெரியப்பா சொல்லிச் சொல்லியே விற்க வைத்தார். அப்போது நான் பி.காம் இரண்டாம் வருடம். செக்கின் கணக்கு நோட்டை எழுதிக்கொண்டிருந்தது நான்தான். பிண்ணாக்கு யாரிடம் பாக்கி, எந்த வியாபாரியின் கடலையில் ஈரம் இருக்கும் எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. அந்தினோரியின் சொத்து எங்கே, உங்கள் செக்கு எங்கே என்பீர்கள். சரி, பணம் வேறுதான். ஆனால் அங்கே மகள்களைக் கேட்டிருக்கிறார்கள்.

அப்பா இன்றைக்கும் கடையில் எண்ணெய் வாங்கினால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்.