மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்கும் முன்: கேள்வி பதில்

பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போய், காண்ட்ராக்டரோடு தகராறில் மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். நான் சிவில் இன்ஜினியர், வக்கீல் இல்லை. கட்டட வேலையைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பதும், அந்த அறிக்கைக்காக நுகர்வோர் ஆணையத்தில் போய் நிற்பதும் என் பிழைப்பு. சட்டத்தைப் பற்றி அந்த அளவுக்குத்தான் பேசுவேன்.

ஒரு வேண்டுகோள். "வேலை சுத்தமா சரியில்லை சார்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை அடி, எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். ஆணையத்திலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி (அம்பத்தூர்): மாடி பாத்ரூமை மொத்தமாக உடைத்துப் புது டைல்ஸ் போட்டோம். முழுப் பணமும் கொடுத்துவிட்டோம். மூன்றே மாதத்தில் கீழ் அறை சீலிங்கில் ஓதம். காண்ட்ராக்டர், "அது பழைய பைப், என் வேலை இல்லை" என்கிறார். என்ன செய்வது சார்?

அம்மா, அவசரப்பட்டு வேறு ஆளைக் கூப்பிட்டு டைல்ஸை உடைத்துவிடாதீர்கள். உடைத்த நிமிஷமே உங்கள் சாட்சி குப்பைக்குப் போய்விடும்.

கசிவு குழாயிலிருந்தா, தரையிலிருந்தா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் அந்த பாத்ரூமில் யாரும் தண்ணீர் புழங்க வேண்டாம். ஆனால் வால்வு திறந்தே இருக்கட்டும், குழாயில் தண்ணீர் நிற்கட்டும். அப்போதும் கீழே ஈரம் கூடிக்கொண்டே போனால் சப்ளை லைனைச் சந்தேகப்படலாம். ஈரம் காய ஆரம்பித்தால் சந்தேகம் தரைப் பக்கமோ கழிவு நீர்க் குழாய்ப் பக்கமோ திரும்புகிறது.

அடுத்ததாக, தரை டிராப்பின் (தரையில் தண்ணீர் வெளியேறும் ஓட்டை) வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து இறுக்கி அடைத்துவிட்டு, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். வாசல்படியில் தண்ணீர் வெளியேறாமல் சிமெண்டால் சின்ன வரப்பு. சுவர் டைலில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக மார்க்கர் கோடு ஒன்று. 24 மணி நேரம் முதல் 48 மணி நேரம் வரை விடுங்கள். மேலே கோட்டையும் கீழே சீலிங்கையும் காலை, மாலை வீடியோ எடுங்கள். சீலிங்கில் கறை வளர்ந்தால், ஒன்று வாட்டர்ப்ரூஃபிங் போயிருக்க வேண்டும், அல்லது டிராப்பைச் சுற்றியுள்ள இணைப்பு. நான் பார்க்கிற கேஸ்களில் பாதிக்கு மேல் அந்த டிராப் இணைப்புதான். கறை வளரவில்லை என்றால் அடைப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை வடியவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது ஈரம் வந்தால் டிராப்புக்குக் கீழே உள்ள கழிவுக் குழாய்.

இதையெல்லாம் செய்யும் முன் காண்ட்ராக்டருக்கு எழுதுங்கள்: "இன்ன தேதியில் தண்ணீர் கட்டிப் பார்க்கப் போகிறோம், நீங்களும் வரலாம்." வாட்ஸாப்பிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். வந்தால் நல்லது, வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்.

இன்னொன்று. பழைய டைல்ஸை உடைத்துக் கொத்தும்போது அடியில் இருந்த பழைய வாட்டர்ப்ரூஃப் பூச்சும் கூடவே போயிருக்கும். புதிதாக அடித்தாரா இல்லையா என்பதுதான் கேள்வி. டைல்ஸும் அதன் இடுக்கில் அடைக்கும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுக்காது. எஸ்டிமேட்டில் "வாட்டர்ப்ரூஃபிங்" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அதற்குக் காசு வாங்கியிருந்தால் "பழைய பைப்" கதை அவ்வளவு சுலபமாகச் செல்லாது.

கேள்வி (கோவை): ஹாலில் பழைய மொசைக்கின் மேலேயே பெரிய விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினார்கள். நடந்தால் சில இடங்களில் டொக் டொக் என்று சத்தம். "எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்கிறார்கள்.

பாதி உண்மை. ஒரு மூலையில் மட்டும் பொள்ளலாகக் கேட்கிற டைல் பல வருஷம் அப்படியே கிடக்கும். டைல் முழுக்கப் பொள்ளல் என்றால் விஷயம் வேறு.

ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு டைலிலும் நான்கு மூலை, நடு என ஐந்து இடம் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் வரும் இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி. முடித்ததும் நின்று போட்டோ எடுத்தால் ஹாலின் வரைபடமே கிடைத்துவிடும். 120 டைலில் 8 பொள்ளல் என்றால் மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம். 60 என்றால் ஒட்டிய முறையே தப்பு என்று வாதிடலாம்.

விட்ரிஃபைட் டைல் தண்ணீரை உறிஞ்சுவது 0.5 சதவீதம்கூட இருக்காது. வெறும் சிமெண்ட் பால் அதன் முதுகைப் பிடிக்காது. வழவழப்பான மொசைக்கின் மேல் சொல்லவே வேண்டாம். டைல் அடிஹெசிவ் (டைல் ஒட்டும் பசை) போட்டிருக்க வேண்டும், அதைப் பல் கரண்டியால் கோடு கோடாக இழுத்திருக்க வேண்டும். பெயர்த்து எடுத்த ஒரு டைலின் முதுகைப் பார்த்தாலே தெரியும். சுத்தமாக வந்தால் எதுவும் பிடிக்கவில்லை. நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை உருண்டையாகக் காரை இருந்தால் அவசர வேலை. டைலுக்கு டைல் இடைவெளியே விடாமல் முட்டக் கொடுத்திருந்தால் கோடையில் தரை நடுவில் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். அப்போது காலில் வெட்டு விழும், ஜாக்கிரதை.

பெயர்த்த டைலைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்சமிருக்கும் டைல்ஸ் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த பேட்ச் அதே நிறத்தில் வராது.

கேள்வி (துபாய்): தஞ்சாவூர் வீட்டில் அம்மா இருக்கிறார். நான் வங்கி வழியாகப் பணம் அனுப்பினேன். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை, எல்லாம் வாட்ஸாப் பேச்சு. பூச்சு வேலை முழுக்க வெடிப்பு. கேஸ் நிற்குமா அண்ணா?

நிற்கும் தம்பி. முத்திரைத்தாளில் எழுதினால்தான் ஒப்பந்தம் என்பதில்லை. ரேட் கேட்டது, அவர் சொன்னது, நீங்கள் சரி என்றது, வங்கிப் பரிமாற்றம் எல்லாம் சேர்ந்தால் ஒப்பந்தம்தான். அந்த போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். வாய்ஸ் மெசேஜ்களையும் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். மின்னணுச் சான்றுக்குத் தனியாக ஒரு சான்றிதழ் வைக்க வேண்டியிருக்கும். முன்பு 65பி என்றார்கள், 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவு. அதை வக்கீல் தயார் செய்துவிடுவார்.

பணம் நீங்கள் கொடுத்திருந்தாலும், உங்கள் சம்மதத்தோடு சேவையைப் பெற்ற அம்மாவும் சட்டப்படி நுகர்வோர்தான். அவரே தஞ்சாவூரில் புகார் கொடுக்கலாம்.

வெடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கல் சுவரும் கான்கிரீட் பீமும் சேரும் கோட்டில் நேராக ஓடும் வெடிப்பு என்றால் அங்கே கோழி வலை அடிக்காமல் பூசியிருப்பார்கள். சுவர் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்பு என்றால், பெரும்பாலும் தண்ணீர் விட்டு ஆற்றவில்லை, அல்லது மணலில் தூள் அதிகம். பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். யார் காட்டுவது என்று பேசியிருந்தீர்களா? "தண்ணி நீங்க விடுங்கம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தால் காண்ட்ராக்டர் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

கேள்வி (திருச்சி): ஹாலைப் பெரிதாக்க நடுச் சுவரை எடுத்தார்கள். இப்போது மாடிச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு. "பூச்சு வெடிப்புதான், பட்டி பார்த்துடலாம்" என்கிறார் மேஸ்திரி.

பட்டி பார்க்க விடாதீர்கள். மற்ற எல்லாக் கேள்விக்கும் "பொறுங்கள், பதிவு செய்யுங்கள்" என்பேன். இதற்கு மட்டும் இன்றைக்கே ஆள் கூப்பிடுங்கள்.

பல பழைய வீடுகளில் பீம், தூண் கிடையாது. சுவர்தான் மாடியைத் தாங்கும். எடுத்த சுவருக்குப் பதிலாக என்ன வைத்தார்கள்? இரும்பு பீமா, கான்கிரீட் பீமா, அதன் இரண்டு முனையும் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? பதில் தெரியாவிட்டால் அந்த இடத்தின் அடியில் ஜாக்கி கொடுத்து முட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்க்கும் வரை அந்த மாடி அறையில் யாரும் படுக்க வேண்டாம், பீரோவும் வேண்டாம். வெடிப்பின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். சண்டை, பணம் எல்லாம் அப்புறம்.

கேள்வி (பல பேர்): போலீஸில் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பெரும்பாலும் "இது சிவில் விவகாரம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடி. வேலையைச் செய்தார், மோசமாகச் செய்தார் என்பது மோசடி ஆகாது. கோபத்தில் அவருடைய மிக்ஸரையும் சென்ட்ரிங் பலகையையும் பூட்டி வைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அப்புறம் அவர் உங்கள் மேல் புகார் கொடுப்பார்.

கேள்வி (சேலம்): ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போகலாமா? ஐந்து வருஷம் பொறுப்பு என்கிறார்களே?

அது பில்டரிடம் வாங்கிய வீட்டுக்கு. உங்கள் சொந்த வீட்டை ஆள் வைத்துப் புதுப்பித்ததற்கு ரெரா வராது. நீங்கள் போக வேண்டியது மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

கேள்வி (வேளச்சேரி): அங்கே செலவு எவ்வளவு? வக்கீல் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. அந்தத் தொகை வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். குறை தெரிந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். "அடுத்த மாசம் வந்து சரி பண்றேன்" என்று காண்ட்ராக்டர் இழுப்பதிலேயே அந்த இரண்டு வருஷத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். எதிராளி பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். ஆனால் தீர்ப்பு வரச் சீக்கிரம் ஆகும் என்று நினைக்காதீர்கள். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சில பேர் நோட்டீஸைப் பார்த்ததும் கொத்தனாரோடு வந்து நிற்பார்கள்.

கேள்வி (மதுரை): பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். வேறு ஆளை வைத்து முடித்துவிட்டு அந்தச் செலவை இவரிடம் கேட்கலாமா?

கேட்கலாம், வரிசை தப்பக்கூடாது. முதலில் கெடு வைத்து நோட்டீஸ். கெடு முடிந்ததும் முடிந்த வேலை, முடியாத வேலை, தவறான வேலை மூன்றையும் ஓர் இன்ஜினியரை வைத்து அளந்து எழுதிப் போட்டோவோடு அறிக்கை. அதன் பிறகே புது ஆள். கேட்கக்கூடியது பழைய ரேட்டுக்கு மேல் கூடுதலாக ஆன தொகை, தவறைத் திருத்திய செலவு ஆகியவைதான். முதலில் பேசியது சாதா டைல்ஸ், இப்போது கிரானைட் போட்டுவிட்டு அந்த பில்லையும் நீட்டினால் மொத்தக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள்.

கேள்வி (திண்டுக்கல்): ஐயா, நான் சின்ன காண்ட்ராக்டர். எங்கள் பக்கமும் கேளுங்கள். வேலை முடித்துக் குடியேறிவிட்டார்கள். பெயிண்ட் ஷேடு பிடிக்கவில்லை என்று கடைசி ஒரு லட்சத்தை நிறுத்திவிட்டார்கள். நடுவில் சொன்ன எக்ஸ்ட்ரா வேலைக்கும் காசு இல்லை.

கேட்க வேண்டிய கேள்விதான். நான் பார்க்கும் தகராறுகளில் வீட்டுக்காரர் பக்கம் தப்பு இருப்பதும் சகஜம். "அப்படியே அந்த ஷெல்ஃபையும் போட்டுடுங்க" என்பார்கள், கணக்கில் மறந்துவிடுவார்கள்.

பாக்கிப் பணத்துக்கு நீங்கள் நுகர்வோர் ஆணையம் போக முடியாது, சிவில் கோர்ட்தான். வேலை முடிந்ததிலிருந்து மூன்று வருஷம் அவகாசம். அதற்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். கட்டணமின்றி இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் சமரசம் ஆனால் அது தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. ஷேடு விஷயத்தில், கார்டில் அவர்கள் தேர்ந்தெடுத்த நம்பர் கையெழுத்தோடு இருக்கிறதா? இருந்தால் கவலை வேண்டாம். இல்லாவிட்டால் ஒரு சுவரை உங்கள் செலவில் மாற்றிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்கப் பாருங்கள். எக்ஸ்ட்ரா வேலைக்கு, இனிமேல் அன்றைக்கு ராத்திரியே வாட்ஸாப்பில் தொகையோடு ஒரு வரி அனுப்பிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): இன்னும் ஆரம்பிக்கவில்லை. மொட்டை மாடியில் தட்டோடு பதிப்பது, சமையலறை, ஒயரிங் மூன்றும் ஒரே ஆளிடம். பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

நாள் கணக்கில் கொடுக்காதீர்கள், வேலைக் கணக்கில் கொடுங்கள். அட்வான்ஸ் குறைவாக இருக்கட்டும். பைப்பைச் சுவருக்குள் மூடும் முன் பிரஷர் டெஸ்ட், அதன் பிறகு ஒரு தவணை. ஒயரிங்கில் கம்பியின் அளவும் பிராண்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிளக் பாயிண்டுகளுக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மூடும் முன் எல்லாச் சுவரையும் போட்டோ எடுங்கள். மாடியில் வாட்டம் சரியா என்று தட்டோடு பதித்ததும் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எங்கேயும் தேங்கக்கூடாது. கடைசி ஐந்து சதவீதமாவது ஒரு மழைக்காலம் தாண்டிக் கொடுப்பதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு, மாடி வேலைக்கு அதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம்): காண்ட்ராக்டர் என் சித்தப்பா மகன். மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது. ஆனால் சமையலறை மேடை சரிவாக இருக்கிறது, எண்ணெய்க் கிண்ணம் ஓடுகிறது.

ரசமட்டத்தை மேடையில் வைத்து ஒரு போட்டோ எடுத்து அவருக்கு மட்டும் அனுப்புங்கள், குடும்ப குரூப்பில் வேண்டாம். கிரானைட்டை உடையாமல் எடுத்து அடியில் காரை கொடுத்து மறுபடி உட்கார வைக்க முடியும், நல்ல ஆளுக்கு ஒரு நாள் வேலை. "மெட்டீரியல் நான் வாங்கித் தருகிறேன், ஆளை மட்டும் நீ அனுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். அனுப்பாவிட்டால் வேறு கிரானைட் ஆளை வைத்துச் சரி செய்துகொள்ளுங்கள். மாடி கட்டும்போது அவரிடம் எஸ்டிமேட் கேட்காதீர்கள்.